அண்ணன் நம்பர்

மலைக்குச் செல்போன் வந்த புதிதில், எங்கள் பக்கம் டவர் கிடைத்தது ஒரே ஒரு வளைவில்தான். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; எங்கள் திண்ணனூர் நாட்டிலிருந்து பஸ் ரோட்டுக்குப் போகும் வழியில், ஒரு டீக்கடைக்கு முன்னால் கொஞ்சம் இடம். அதைத் தாண்டினால் போன் வெறும் டார்ச் லைட். ஜனங்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். போனை வீட்டுக்குக் கொண்டுபோவதே இல்லை. கடைச் சுவரில் வரிசையாக ஆணி அடித்து, ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவரில் போனைப் போட்டு மாட்டிவிட்டுக் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். எந்தக் கவர் அடித்தாலும் கடைக்கார அக்காதான் எடுப்பார்.

"ஆருங்க? அவரு மொளகு பறிக்கப் போயிருக்காருங்க. சேதிய எங்கிட்டச் சொல்லுங்க, சொல்லிப்போடறேன்."

சாவுச் சேதி, குழந்தை பிறந்த சேதி, மிளகு விலை, பெண் பார்க்க வருகிறவர்கள் எத்தனை பேர் என்பது எல்லாம் அந்த அக்கா வாய் வழியாகத்தான் குண்டூர் நாடு வரைக்கும் போனது. அடிக்கிற போனை எடுக்காமல் விடுவது அங்கே பெரிய மரியாதைக் கேடு. அவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிடுகிறவன் சொந்தக்காரனாகத்தானே இருப்பான் என்பது அவர்கள் கணக்கு.

என் போனும் அந்தச் சுவரில்தான் தொங்கியது. நான் அங்கே கிராம நர்ஸ். பிரசவ வலி கண்டால் எனக்குத்தான் முதலில் போன் வரும், அதனால் அதை அணைத்து வைக்கவும் முடியாது, தூக்கி எறியவும் முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த மழைக்காலம் முழுக்க, எந்தக் கவர் அடித்தாலும் அது என்னுடையதாக இருக்கக்கூடாதே என்றுதான் திரும்பிப் பார்ப்பேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சொந்த ஊர் மலையடிவாரத்தில், பேளுக்குறிச்சிப் பக்கம். கொஞ்சம் சொந்தக் காடு, மரவள்ளியும் நிலக்கடலையும். அப்பா நான் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு அண்ணன்தான் எல்லாம். அவன் படிப்பை விட்டுவிட்டு என்னைப் படிக்க வைத்தான். அதிகம் பேசமாட்டான். ஆனால் சந்தையில் யாரோ என்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதற்காகச் சட்டை கிழியச் சண்டை போட்டவன். நான் நேர்மாறு. வாய்க்குப் பேர் போனவள். சத்து மாத்திரையைக் கோழிக்குப் போட்ட ஒருத்தியை ஊரே கேட்கத் திட்டியிருக்கிறேன். என்னைக் கண்டால் மாமியார்களே கொஞ்சம் ஒதுங்கி நிற்பார்கள்.

மாதம் ஒரு முறை மீட்டிங்குக்காக நாமக்கல் இறங்குவேன். மீட்டிங் முடிந்து பஸ் வரும்வரை நேரம் இருக்கும். கூடப் படித்த ஒருத்திதான் பிரவுசிங் சென்டரைக் காட்டினாள். பிளைவுட் தடுப்பு, அழுக்குத் திரை, உள்ளே ஒரு நாற்காலி, கம்ப்யூட்டர் தலைமேல் குட்டிக் காமிரா. அங்கேதான் சாட்டிங்கில் ஒருத்தன் பழக்கமானான். சேலத்துக்காரன், துபாயில் இன்ஜினியர் என்று சொன்னான். முதலில் மாதம் ஒரு நாள் சாட்டிங், பிறகு லீவு போட்டும் இறங்க ஆரம்பித்தேன். அவன் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா, இன்றைக்கு எத்தனை மலை ஏறினாய் என்று கேட்பான். குவார்ட்டர்ஸில் தனியாக ரேடியோவோடு பேசிக்கொண்டிருந்தவளுக்கு அது போதுமாக இருந்தது.

கல்யாணம் என்ற பேச்சு வந்தபிறகு ஒரு நாள், காமிரா முன்னால் ஒரு படம் கேட்டான். கொடுத்தேன். இந்த இடத்தில், 'நான் தவறு செய்துவிட்டேன்' என்று எழுதுவேன் என எதிர்பார்ப்பீர்கள். எழுதமாட்டேன். அதை அந்தக் காலத்தில் எனக்குள் சொல்லிச் சொல்லியே பாதி செத்தேன். பிடித்த ஒருவனை நம்பினேன், அவ்வளவுதான். அயோக்கியத்தனம் முழுக்க அவனுடையது.

அடுத்த முறை இறங்கியபோது அவன் ஆளே வேறாகப் பேசினான். அந்தப் படத்தை வைத்திருப்பதாகவும், இன்னொன்று தராவிட்டால் ஊரெல்லாம் அனுப்புவதாகவும் தட்டினான். விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரிப்புப் பொம்மை ஒன்றை அனுப்பினேன். பதிலுக்கு என் படத்தையே எனக்கு அனுப்பினான். அன்றைக்கு இரண்டாவது படமும் கொடுத்தேன். கொடுத்துவிட்டால் விட்டுவிடுவான் என்ற நினைப்பு. விடுவதற்கா கேட்கிறார்கள்? ஒன்று கொடுத்தவள் இன்னொன்றும் கொடுப்பாள் என்று அவனுக்குப் புரிந்ததுதான் மிச்சம்.

பிறகு எஸ்எம்எஸ். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவான். கடைக்கார அக்காவுக்கு அது படிக்கத் தெரியாது என்பது எனக்கு ஒரு நிம்மதி. தயவுசெய்து போன் மட்டும் பண்ணாதே, வேறு ஆள் எடுப்பார்கள் என்று கெஞ்சியிருந்தேன். ரவுண்ட்ஸ் முடிந்து தடுப்பூசிப் பெட்டியோடு கடைக்கு வந்து, கவரிலிருந்து போனை எடுத்து, ஓரமாகப் போய் நின்று படிப்பேன். படித்த கையோடு அழிப்பேன். அழித்துவிட்டால் நடக்காதது மாதிரி. மறுநாள் இன்னும் மோசமாக வரும். கடைசியில் அவன் துபாயிலும் இல்லை, எங்கேயும் இல்லை, பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறான் என்று தெரிந்தது. நாமக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜுக்கு வரச் சொன்னான்.

போகவில்லை. ஆனால் போகமாட்டேன் என்று சொல்லவும் தைரியமில்லை. மீட்டிங், காய்ச்சல், பஸ் இல்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டே நாளைத் தள்ளினேன். சோறு இறங்கவில்லை. ஒரு கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் பார்க்கும்போது பட்டையை என் கையிலேயே சுற்றப் போனேன். "ஏனுங்க நர்சம்மா, உங்களுக்குத்தான் ஊசி போடோணுமாட்ட இருக்குது" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் பேசினால் பேசட்டும், வேலை போனால் போகட்டும், அதெல்லாம்கூட எப்படியோ தாங்கியிருப்பேன். அண்ணன் அந்தப் படத்தைப் பார்ப்பான் என்ற நினைப்புதான் தாங்கவில்லை. அவன் பார்த்தால் நான் உயிரோடு இருக்கக்கூடாது என்று முடிவே பண்ணியிருந்தேன். அண்ணன் அந்த அயோக்கியனைக் கொன்றுவிட்டு ஜெயிலுக்குப் போவான், இல்லாவிட்டால் இனி என் முகத்தைப் பார்க்கமாட்டான். இரண்டில் ஒன்று நிச்சயம் என்று நினைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வந்தேன். அக்கா வடை போட்டுக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னார்.

"உங்க மாமம் பையன் போன் பண்ணுனாருங்க நர்சம்மா. போன வாரமும் ஒருக்காப் பண்ணுனாரு, சொல்ல மறந்தே போச்சு. நல்லாப் பேசறாருங்க."

எனக்கு மாமா பையனே கிடையாது.

"என்ன கேட்டான்?"

"போன வாரம் கூப்புட்டப்ப, உங்க அண்ணன் நம்பர் தொலஞ்சு போச்சுன்னாரு. அவசரத்துக்கு இருக்கட்டும்னு நீங்கதான அன்னிக்கு எங்கிட்டக் குடுத்து வெச்சிருந்தீங்க. அதயப் பாத்துச் சொல்லிப்போட்டனுங்க."

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. தடுப்பூசிப் பெட்டியைக் கீழே போட்டேன். யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள், போன் பண்ணுகிற நாய்க்கெல்லாம் நம்பர் கொடுப்பீர்களா, உங்களுக்கு அறிவு என்று ஒன்று இருக்கிறதா என்று கத்தினேன். டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்கள் டம்ளரோடு எழுந்துவிட்டார்கள். அக்கா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"சொந்தக்காரங்கதானுங்களே கூப்புடுவாங்க..." என்று மெதுவாகச் சொன்னார். அதற்குள் நான் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்திருந்தேன்.

அக்கா அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினார். "போங்க, போங்க, நர்சம்மாளுக்கு ஒடம்புக்கு ஆகல" என்று ஆட்களை விரட்டினார். தார்ப்பாயை இழுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சொன்னேன். மலையில் யாரிடமாவது சொல்லவேண்டும் என்றால் கடைசியாகத்தான் இவரிடம் சொல்லியிருப்பேன். இவரிடம் சொல்வதும் மைக் செட் வைப்பதும் ஒன்று என்று நானே கேலி பேசியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவர்தான் இருந்தார்.

கேட்டு முடித்ததும் அவர் முதலில் கேட்ட கேள்வி, "துணியில்லாமயாங்க?"

தலையை ஆட்டினேன். நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு அவனுடைய அப்பன், தாத்தன், அவன் பிறந்த நேரம் எல்லாவற்றையும் இழுத்துத் திட்டினார். திட்டி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வளைவுக்கு அந்தப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். அங்கே பள்ளம். என் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்தார்.

"அந்தப் பக்கமெல்லாம் பாக்காதீங்க. எங்கூர்ல புருசன் வேண்டாம்னுட்டு வந்தவளே ஊர்க்கூட்டத்துல நிமிந்து நின்னு பேசறா. இதுக்கெல்லாமா சாவாங்க?"

"உங்களுக்குத் தெரியாதுக்கா. எங்க ஊர்ல அப்படி இல்லை."

"உங்கூரு கீழதான இருக்குது. எறங்கிப் போய்ச் சொல்லுவோம்."

அந்த நேரம் பார்த்து என் கவர் அடித்தது. நான் எட்டுவதற்குள் அக்கா எடுத்துவிட்டார். பழக்க தோஷம். அவன் குரல் கேட்டதும் பிடித்தார் பாருங்கள். "ஏண்டா, மாமம் பையனாடா நீ? ஒரு பொம்பளையக் கூசாம இந்தப் பாடு படுத்தறயே, இந்தக் கடையில இருக்கற அத்தன பேருக்கும் உன்ற கொரலு தெரியும், மலையேறி வா, உனக்கு இருக்குது" என்று ஆரம்பித்து, எழுத முடியாத வார்த்தைகளில் முடித்தார். எனக்கு ஒரு நிமிஷம் குளுகுளு என்று இருந்தது. அடுத்த நிமிஷம் எஸ்எம்எஸ் வந்தது. ஊரைக் கூட்டிவிட்டாயா, இன்று ராத்திரி உன் அண்ணனுக்குப் போகும் என்று இருந்தது.

பழக்கத்தில் அழிக்கப் போனேன். அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார். "இருக்கட்டும். போலீசுக்குக் காட்டோணுமில்ல" என்றார். இந்த விஷயத்தில் போலீஸ் என்ற வார்த்தை அன்றுதான் முதல் முறையாக என் காதில் விழுந்தது. அத்தனை நாளில் எனக்கு அது தோன்றவே இல்லை என்றால் நம்புவீர்களா? குற்றம் செய்தவள் நான் என்றே எனக்கு நினைப்பு. குற்றவாளி போய்ப் புகார் கொடுப்பாளா?

மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கினோம். சுவரில் தொங்கிய போன்களை அக்கா தன் கொழுந்தியாளிடம் ஒப்படைத்துவிட்டு, நல்ல சேலை கட்டி வந்திருந்தார். அந்த வளைவுகளில் இறங்கும்போது எனக்கு வாந்தி வந்ததே இல்லை. அன்று வந்தது. அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அண்ணனுக்கு ராத்திரியே போயிருக்கும், இந்நேரம் ஊரில் என்ன நடக்கிறதோ என்று மட்டும்தான் என் மனசு ஓடியது.

மகளிர் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெண் எஸ்.ஐ. இருந்தார். என்னைவிட ரெண்டு மூன்று வயது பெரியவர் இருப்பார். வாசலில் இருந்த ஏட்டம்மா எங்களை மேலும் கீழும் பார்த்து, "லவ் மேட்டரா?" என்று கேட்டார். எனக்கு அப்படியே திரும்பிவிடத் தோன்றியது. அக்கா, "இல்லீங்க, மெரட்டல் மேட்டரு" என்று சத்தமாகச் சொன்னார். உள்ளே இருந்த எஸ்.ஐ. தலையை நிமிர்த்தினார்.

அவர் படங்களைப் பற்றித் துருவவில்லை. எப்போதிருந்து, எந்த நம்பர், எந்த சென்டர், என்ன பெயரில் பேசினான் என்று கேட்டார். பழைய எஸ்எம்எஸ் எல்லாம் அழித்துவிட்டேன் என்றதும் கோபம் வந்தது. "படிச்சவங்கதான நீங்க? அது உங்க சாட்சிங்க. அதையா அழிப்பீங்க?" என்றார். உடனே குரலைத் தணித்துக்கொண்டு, மிச்சம் இருந்ததைத் தானே எழுதி எடுத்தார். இனி பதில் போடாதீர்கள், இன்னொரு படம் சத்தியமாகக் கொடுக்காதீர்கள், அவன் கூப்பிடும் இடத்துக்குப் போகாதீர்கள், வருவதை எல்லாம் அப்படியே வைத்திருங்கள் என்றார். கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் மேலிடத்துக்கு எழுத வேண்டும், நாளாகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"ஊட்ல ஆருக்காச்சும் தெரியுமா?"

"தெரியக்கூடாதுங்க மேடம்."

"நீங்களே போய்ச் சொல்லிட்டீங்கன்னா, அப்பறம் அவஞ் சொல்றதுக்கு என்ன இருக்குது?"

வெளியே வந்ததும் பேளுக்குறிச்சி பஸ் எத்தனை மணிக்கு என்று ஏட்டம்மாவிடம் கேட்டேன்.

அவன் கிடைத்தானா என்று கேட்பார்கள். கிடைத்தான், ரொம்ப நாள் கழித்து. வேறு யார் பேரிலோ சிம் கார்டு. பரமத்திப் பக்கம் சொந்தமாகக் கடை வைத்திருந்தவன், கல்யாணம் ஆனவன். அவனிடம் என்னைப்போல இன்னும் சில பெண்களின் படங்கள் இருந்தன. அவர்களில் பாதிப் பேர் புகார் கொடுக்க வரவில்லை. எஸ்.ஐ. என்னைக் கூப்பிட்டு, நீங்கள் ஒரு வார்த்தை பேசுங்களேன் என்று ஒருத்தியின் நம்பரைக் கொடுத்தார். பேசினேன். அவள் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டாள். மறுபடி அடித்தேன், மறுபடியும். எத்தனையோ தடவைக்குப் பிறகு, "அக்கா, எங்கூட்ல கொன்னுபோடுவாங்க" என்று மட்டும் சொன்னாள். கேஸ் இழுத்துக்கொண்டே போனது. என் படம் எங்கெங்கே போனது, யார் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதோடு வாழப் பழகிக்கொண்டேன். கோபம் மட்டும் இன்னும் போகவில்லை. போகவேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

ஸ்டேஷனிலிருந்து நேராக ஊருக்குப் பஸ் ஏறினோம். வீட்டு வாசலில் அம்மா கடலை காய வைத்துக்கொண்டிருந்தார். லீவா கண்ணு என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைக்கார அக்கா உடனே அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கடலை என்ன விலை போகிறது, எத்தனை மூட்டை வந்தது என்று ஆரம்பித்துவிட்டார். கண்ணால் என்னைக் காட்டுப் பக்கம் போகச் சொன்னார்.

அண்ணன் மோட்டார் ரூம் நிழலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். இடுப்பு வேட்டி மடிப்பை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"ண்ணா, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

அவன் மடிப்பிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினான். புதிதாக வாங்கியிருந்த காமிரா போன். மாட்டையும் கன்றையும் படம் எடுக்க வாங்கியது.

"அழிக்கத் தெரியல கண்ணு. வந்து ஒரு வாரமாச்சு. ஆருகிட்டயும் குடுத்துக் கேக்கவும் முடியல. ஊட்ல வெச்சா ஆராச்சும் எடுத்துப்போடுவாங்கன்னு குளிக்கறப்பக்கூட பக்கத்துலயே வெச்சுட்டுத் திரியறேன். நீயே அழிச்சுப்போடு."

நேற்று ராத்திரி அனுப்புவதாக அந்த அயோக்கியன் மிரட்டியதை, நம்பர் கிடைத்த அன்றே அனுப்பியிருக்கிறான். யாருக்குத் தெரியக்கூடாது என்று நான் செத்துக்கொண்டிருந்தேனோ, அவனுக்கு ஒரு வாரமாகத் தெரியும்.

"அழிக்கக்கூடாதுங்ண்ணா. போலீசுக்கு வேணும். புகார் குடுத்துட்டுத்தான் வாரேன்" என்றேன்.

"நீயே போனியா? தனியாவா?"

"ஏண்ணா நீ மேல வரல? ஒரு வாரம் தெரிஞ்சும் ஏன் ஒரு போன்கூடப் பண்ணல?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா, நீ ஏதாச்சும் பண்ணிக்குவியோன்னு..." துண்டால் முகத்தைத் துடைத்தான்.

கேட்கக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் அதைக் கேட்காமல் இனி அவன் முகத்தைப் பார்க்க முடியாது.

"நீ அதப் பாத்தியா?"

"மூஞ்சி தெரிஞ்சதும் கவுத்து வெச்சுப்போட்டேன்" என்றான். "நீ அழுதுட்டிருந்தே கண்ணு. கண்ணெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு. எந்த நாயோ எம்புள்ளய இப்படி அழ வெச்சிருக்குதேன்னு, அது ஒண்ணுதான் ஒரு வாரமா கண்ணுக்குள்ளயே நிக்குது."

அது மிரட்டி வாங்கிய இரண்டாவது படம். அத்தனை மாதமும் அதில் என் உடம்பு இருக்கிறது என்றுதான் பயந்து செத்தேன். அழுத முகம் ஒன்றும் அதில் இருந்தது என்பதை அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.